என் மருமகள் கையை எடுத்த இடம்

எங்கள் வீட்டில் பியானோ கிடையாது. இந்த ஊரில் உள்ள பாதிப் பியானோக்கள் என் தோள் பட்டு இடம் மாறியவை. மருமகளோ பியானோ வாசித்துச் சம்பாதிக்கிறவள். அப்படியிருந்தும் கிடையாது. கல்யாணமான புதிதில் நானே ஒன்று கொண்டுவந்து இறக்குகிறேன் என்றேன். பழையதுதான், ஆனால் நல்ல மரம். ஒரு டாக்டர் வீட்டில் துணி காயப்போடும் மேடையாகக் கிடந்தது.

"வேண்டாம் மாமா. வீட்லயாவது அது இல்லாம இருக்கட்டும்" என்றாள்.

மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தது நான் ஒருவன்தான். எதையும் ஒரு பார்வையில் எடை போடுகிறவன் நான். அப்படிப் போட்டுத்தான் முன்னுக்கு வந்தேன்.

படிப்பு எனக்கு நாலாம் வகுப்போடு சரி. வீட்டுச் சாமான் இடம் மாற்றும் கம்பெனி ஒன்றில் கயிறு சுருட்டுகிறவனாகச் சேர்ந்தேன். பிறகு பீரோ தூக்கினேன். பிறகு முதலாளியின் ஓட்டை வேனை நானே வாங்கினேன். இன்று மூன்று வேன் ஓடுகிறது, மூன்றிலும் பக்கவாட்டில் என் பெயர் பெரிதாக இருக்கும். தூரத்திலிருந்தே படிக்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. பியானோ என்றதும் மற்ற கம்பெனிக்காரர்கள் முதுகுவலி என்பார்கள். நான் அதன் காலைக் கழற்றி, கம்பளி சுற்றி, பலகையில் ஒருக்களித்துச் சாய்த்து, மூன்றாம் மாடிக்கும் கொண்டுபோவேன், ஒரு கீறல் விழாது. அதனால்தான் இசைக் கல்லூரிக்காரர்கள் இத்தனை வருஷமாக என்னை விட்டு வேறு ஆளைக் கூப்பிட்டதில்லை.

மருமகளை நாங்கள் முதலில் பார்த்ததும் அங்கேதான். கல்லூரியின் மேல்மாடி அறையில் ஒரு பியானோவை இறக்கி வைத்திருந்தோம். தட்டிப் பார்க்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஒல்லியாக, தலையைச் சரியாக வாராமல், கையில் பாதி கடித்த ரொட்டியோடு வந்தாள். நாலு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "பத்திரமா கொண்டு வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அந்தக் கட்டிடத்தில் அதுவரை எங்களைப் பார்த்து டீ குடிங்க என்று சொன்ன ஆள் கிடையாது. என் மகன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். நான் குனிந்து, உருண்டு போன ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்ததால் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வயலின் படிக்கிற பிள்ளை, புல்லாங்குழல் படிக்கிற பிள்ளை, செல்லோ என்று காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் படிக்கிற பிள்ளை, யாராக இருந்தாலும் பரீட்சைக்கும் கச்சேரிக்கும் பக்கத்தில் பியானோ வேண்டும். அந்தப் பியானோ இவள். நிலவறையில் ஒரு ஒத்திகை அறை; ஜன்னல் இல்லை, சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தடித்த துணி, ஒரு குழல் விளக்கு. பக்கத்து அறையில் ஒருத்தன் டிரம்பெட் ஊதினால் துணியையும் மீறிக் கேட்கும். காலையில் உள்ளே போனால் பிள்ளைகள் மாறி மாறி வருவார்கள், இவள் மாறமாட்டாள். அதே பாட்டை இந்த வருஷம் ஒருத்தன் அவசரமாக வாசிப்பான், அடுத்த வருஷம் ஒருத்தி அழுதுகொண்டே வாசிப்பாள். அவர்கள் தேறி, ஊர் ஊராகப் போய்ப் பெரிய ஆளாவார்கள். இவள் அடுத்த பிள்ளைக்கு முதல் பக்கத்தைத் திருப்புவாள்.

பிள்ளைகள் இவளைப் பியானோ அக்கா என்பார்கள். பயந்துபோய் எவனாவது ரெண்டு வரி தாண்டிக் குதித்துவிட்டால், இவளும் அந்த நிமிஷமே குதித்து அவனோடு சேர்ந்துகொள்வாள். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "பியானோ அக்கா பிடிச்சுப்பாங்க" என்று ஒரு பேச்சே அங்கே இருந்தது. அந்தத் தைரியத்தில் ஒழுங்காகப் படிக்காமலே வருகிறவர்களும் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரிக்கு மூட்டுவலி, மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மகன் எந்த வேனில் எந்த ஊரில் இருக்கிறான் என்பது இவளுக்குத்தான் தெரியும். பேத்திக்கு இசை என்றாலே ஆகாது, கால்பந்துதான். காலில் சேறோடு வந்து நிற்பாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு இவள் சாப்பிட உட்கார்ந்தால், கை தட்டில் இருக்கும், கண் மூடியிருக்கும்.

"தூங்கறதுன்னா உள்ள போய் தூங்கேன்டி" என்பாள் என் வீட்டுக்காரி.

"தூங்கல அத்தை. அடுத்த பக்கம் திருப்பறேன்" என்பாள்.

இத்தனை வருஷமும் அது நிரந்தர வேலை இல்லை. பருவத்துக்குப் பருவம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை. இந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் வந்தது. கூட்டு வாசிப்பு வகுப்பை நடத்துகிற ஆசிரியை. மூன்று பேர், நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டு, திருத்தம் சொல்ல வேண்டும். இவள் விண்ணப்பம் போட்டாள். எனக்குச் சந்தோஷம். "டீச்சர்னு போர்டு மாட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"போர்டு கிடக்குது மாமா. அந்த வேலையில உக்காந்து கேக்கலாம். யாரு பின்னாடியும் ஓட வேண்டாம். எனக்கு அதுதான் வேணும்."

முதல்வர் அம்மா இவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். பருவ முடிவில் மாணவர் கச்சேரி நடக்கும், மார்க் போட வெளியிலிருந்து மூன்று பேர் வருவார்கள், அந்த மூன்று பேர்தான் ஆசிரியை வேலைக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். "பிள்ளைங்களை மட்டும் பாக்க மாட்டாங்க, புரியுதா?" என்றாராம்.

கச்சேரியில் இவள் உட்கார வேண்டியது ஒரு மூவர் குழுவில். வயலினுக்கு ஒரு பெண். தலை நிறையக் கிளிப் குத்தியிருப்பாள், அதனால் பேரே கிளிப்பு. செல்லோவுக்கு ஒரு நெட்டைப் பையன். அந்தப் பெரிய பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பதால் ஒட்டகம். பியானோ படிக்கிற பிள்ளைகள் போதாததால் மூன்றாவது ஆள் என் மருமகள். மார்க் அந்த ரெண்டு பேருக்கு. கடைசி வருஷம், இதில் தவறினால் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும்.

அன்று காலையில் மண்டபத்துப் பியானோவில் காலால் அழுத்தும் பெடல் உடைந்து போயிற்று. என்னைக் கூப்பிட்டார்கள். மேல்மாடியில் இருந்ததை இறக்கிக் கொண்டுவர வேண்டும். இப்போது நான் தூக்குவதில்லை, நின்று சொல்வதோடு சரி. ஆனால் நான் நின்றால் ஆட்கள் தூக்குகிற தினுசே வேறு. மழை வேறு. படிக்கட்டில் சாக்கு விரித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பார்த்து இறக்கி முடிப்பதற்குள் ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எனக்கும் முழங்கால் என்னவோ செய்தது, வெளியில் சொல்லவில்லை. கச்சேரியையும் பார்த்துவிட்டு மருமகளை வேனிலேயே கூட்டிப்போகலாம் என்று மேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் முதல்வர் அம்மா வந்து சொன்னார். "நேரம் ரொம்ப இழுக்குது. யாரும் முதல் பகுதியில திரும்பப் போக வேண்டாம். நேரா போயிடுங்க."

இது என்ன என்று மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்கள் பார்த்து வாசிக்கும் தாளில் ஓரிடத்தில் தடித்த கோடும் பக்கத்தில் இரண்டு புள்ளியும் இருக்கும். அங்கே வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும், இரண்டாம் தடவைதான் கோட்டைத் தாண்டலாம். நேரமில்லை என்றால் திரும்பாமலே தாண்டுவதும் உண்டு. ஆனால் முன்னால் நின்று கையாட்டுகிற ஆள் இந்த மாதிரிக் கச்சேரியில் கிடையாது. ஒருத்தர் மூச்சிழுப்பதைப் பார்த்து மற்றவர் ஆரம்பிக்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டால்தான் உண்டு.

"கேட்டீங்களா? திரும்பல. நேரா போறோம்" என்றாள் மருமகள்.

"சரிக்கா" என்றான் ஒட்டகம்.

கிளிப்பும் தலையாட்டினாள். அவள் கண் வேறெங்கோ இருந்தது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரெண்டு மாசமாக ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் திரும்பித்தான் வாசித்திருக்கிறார்கள்.

நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் ஈரக் குடை வாசனை. பெற்றவர்கள், கூடப் படிக்கிறவர்கள், கொட்டாவியை மறைக்கிற ஆசிரியர்கள். முன்வரிசையில் அந்த மூன்று பேர் சின்ன மேஜை விளக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் மதியத்திலிருந்து கேட்டுக் களைத்திருந்தார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் நாலு புல்லாங்குழல்கள் வந்து போயின. பிறகு இவர்கள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. எனக்கு இசை தெரியாது, ஆனால் மூன்று பேர் ஒரே சுமையைத் தூக்குகிறார்களா என்று தெரியும். தூக்கினார்கள். கிளிப்பின் பயம் போய்விட்டது. ஒட்டகம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அப்போதுதான் அந்தக் கோடு வந்திருக்கிறது.

ஒட்டகம் நேராகப் போனான். கிளிப்பு திரும்பிவிட்டாள். கை பழகின பாதையில் தானாகப் போய்விட்டது, அவ்வளவுதான். நல்ல சத்தமாக, தைரியமாக, முதலிலிருந்து வாசித்துக்கொண்டு போனாள். வில்லை ரெண்டு மூன்று தடவை இழுப்பதற்குள் ஏதோ சரியில்லை என்று ரெண்டு பேருக்கும் உறைத்தது. ரெண்டு பேரும் வில்லை நிறுத்தாமல் பியானோவைப் பார்த்தார்கள்.

என் மருமகள் யாரோடு போனாலும் மற்றவர் கதி அதோகதி. ஒட்டகத்தோடு போனால் கிளிப்பு தவறியது ஊருக்கே தெரியும். கிளிப்போடு போனால் சரியாக வாசித்த பையன் தப்புச் செய்தவனாக நிற்பான். ஆனாலும் அவள் பிடித்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். யாராவது ஒருத்தரைப் பிடித்து, இன்னொருத்தரை எப்படியாவது இழுத்து வந்து சேர்த்துவிடுவாள். அந்த வேலையில் இவளுக்கு நிகர் கிடையாது.

அவள் கட்டையிலிருந்து கையை எடுத்தாள். ரெண்டு கையையும் மடியில் வைத்தாள்.

மற்ற ரெண்டும் கொஞ்ச தூரம் தனித்தனியாகப் போய் நின்றன. மண்டபத்தில் சத்தமே இல்லை. கால் தேய்த்தவர் காலைச் செருப்புக்குள் விட்டார். இவள் நாற்காலியிலேயே சபையின் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்: "மன்னிக்கணும். நான் வழி தவறிட்டேன். முதல்லேர்ந்து வாசிக்கிறோம்."

வாசித்தார்கள். இந்தத் தடவை மூன்று பேரும் கோட்டைத் தாண்டி நேராகப் போனார்கள். கடைசிவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கைதட்டல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, பாவம் என்று தட்டுவார்களே, அப்படி.

மேடைக்குப் பின்னால் நடைபாதையில் முதல்வர் அம்மா நின்றிருந்தார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய் இருந்தார்.

"அந்தப் பொண்ணுதான் திரும்பிட்டான்னு எனக்குத் தெரியாதா? அதில்ல விஷயம். நீங்க ஏன் நின்னீங்க?"

"தெரியல மேடம்."

"ரெண்டுல ஒருத்தரைப் பிடிச்சுட்டுப் போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீங்க பிடிக்காததா? அவங்க மூணு பேரும் எழுதிக்கிட்டாங்க. நான் இனிமே என்ன சொல்ல முடியும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நான் ஒண்ணு சொல்றேன்" என்று முன்னால் போனேன்.

"நீங்க பியானோ கொண்டு வர்றவர்தானே?"

"இவளுக்கு மாமனார்."

"அப்படியா. பியானோ நல்லபடியா வந்து சேர்ந்துச்சு. ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். எத்தனையோ பெரிய மனிதர்களை நான் பேச்சில் மடக்கியிருக்கிறேன். நன்றி சொல்லி என் வாயை அடைத்தது அந்த அம்மா ஒருத்தர்தான்.

கிளிப்பு மூலையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "அக்கா, நான்தான்னு போய் சொல்லிடறேன்."

"எதுக்கு? மார்க் போட்டாச்சு. மூஞ்சியக் கழுவு."

"உங்க வேலை போயிடும்க்கா."

"அது இன்னும் வரவே இல்ல, எங்க போகும்? போ, அம்மா வெளியில காத்துட்டு இருப்பாங்க."

ஒட்டகம் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டான். போகும்போது பெட்டியோடு சேர்த்துக் குனிந்து அவளைக் கும்பிட்டான். கதவுச் சட்டத்தில் இடித்துக்கொண்டான்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். என் முன்னால் அப்படி உட்காருகிறவள் இல்லை. கண்ணாடியில் மழை. கொஞ்ச தூரம் போனதும் நான் ஆரம்பித்தேன்.

"நீ செஞ்சதுதான் சரி. மாடிப்படியில ரெண்டு பேர் ரெண்டு பக்கம் இழுத்தா, நான் கீழ வைன்னு சொல்லிடுவேன். அப்பதான் சாமானும் தப்பும், ஆளும் தப்பும். ரெண்டு பிள்ளைங்களையும் காப்பாத்திட்ட. என் மருமக வேற எப்படி இருப்பா?"

"நீங்க அப்படி நினைச்சுக்காதீங்க மாமா."

"வேற எப்படி நினைக்க?"

சிக்னலில் நின்றோம்.

"ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. எப்பவும் பாக்கற மாதிரிதான். அப்ப எனக்குத் தோணினது, இன்னைக்கு என்னால யாரு பின்னாடியும் ஓட முடியாதுன்னு. பிள்ளைங்களைக் காப்பாத்தணும்னுல்லாம் தோணவே இல்ல. கை தானா வந்து மடியில உக்காந்துடுச்சு. மன்னிப்பு கேட்டதெல்லாம் அப்புறம்தான். யாராவது ஏதாவது சொல்லணுமில்ல."

"அந்த மூணு பேரும் எதிர்ல உக்காந்திருந்தாங்களேம்மா. வேலை ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு. வந்தும் கை எழுந்திருக்கல." கண்ணாடியில் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நேரம் ஒரு சத்தமும் இல்ல பாருங்க. நல்லா இருந்துச்சு மாமா. அதைச் சொன்னா திட்டுவீங்க."

நான் திட்டவில்லை. சிக்னல் பச்சையானது பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியதில் எனக்குப் பின்னால் ஹாரன் அடிக்க யாருக்கும் நான் வேலை வைத்ததில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரி, "எப்படிடி நடந்துச்சு?" என்றாள்.

"நின்னு போச்சு அத்தை. மறுபடி நடந்துச்சு. பசிக்குது."

அடுத்த வாரம் போன் வந்தது. காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். "சரி மேடம்... சரி மேடம்... இல்ல, புரியுது" என்று தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டே பேத்தியின் கால்பந்துச் சட்டையை மடித்து முடித்தாள். வேலை வேறு யாரோ ஒருத்தருக்கு. வெளியூரில் பெரிய குழுவில் வாசித்தவராம். கிளிப்பும் ஒட்டகமும் தேறிவிட்டார்கள் என்பதும் அதே போனில்தான் வந்தது. அவள் போனை வைத்துவிட்டு, மடித்து வைத்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகன் குதித்தான். "விட்டுடு அந்த வேலையை. நம்ம ஆபீஸ்ல வந்து உக்காரு, போன் எடு, போதும்."

"அங்க நீ ஓடுவ. நான் உன் பின்னாடி ஓடணும். அதுக்கு வயலின் பரவாயில்ல" என்றாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அந்த நிலவறை, அந்தக் குழல் விளக்கு, புதுப் பிள்ளைகள். கையெழுத்துப் போட்டு இன்னொரு பருவத்துக்குப் புதுப்பித்துக்கொண்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன், பியானோ தூக்க இனி அந்தக் கல்லூரிக்குப் போவதில்லை என்று. "போங்க மாமா. வேற ஆள் வந்தா கீறிடுவான். அப்புறம் அதுல நான்தான் வாசிக்கணும்" என்றாள். அதுவும் நியாயம். என் மாதிரி அவர்களுக்கு ஆள் கிடைக்காது.

கொஞ்ச நாள் கழித்து மழை பலமாக இருந்த ஒரு சாயங்காலம், பஸ் ஓடவில்லை என்று கேள்விப்பட்டு நானே வேனை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனேன். நிலவறைக்கு இறங்கும் படியில் மெதுவாகத்தான் இறங்கினேன், ஈரமாக இருந்தது. ஒத்திகை அறைக் கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் பார்த்தேன்; கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சும் கேட்டது. புதிதாக ஒரு வயலின் பையன், ஒரு செல்லோ பெண். பியானோவில் இவள். மூன்று பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பையன் எங்கோ தாண்டிவிட்டான் போலிருக்கிறது, சத்தம் கலைந்தது. இவள் ஓடவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீதான் தாண்டின" என்றாள் அந்தப் பெண்.

"நானா? நீ எண்ணவே இல்ல."

"எண்ணினேன். அக்கா, நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. நீங்களே பேசிக்குங்க" என்றாள் என் மருமகள்.

"முன்னல்லாம் பியானோ அக்கா பிடிச்சுப்பாங்கன்னு சொன்னாங்களே" என்று பையன் முணுமுணுத்தான்.

"முன்ன பிடிச்சேன்."

அவர்கள் தாளை எடுத்து, விரலை வைத்து, நீ இங்கே நான் அங்கே என்று சண்டை போடத் தொடங்கினார்கள். இவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, கொஞ்சம் இருங்க மாமா என்று சைகை காட்டினாள்.

இருந்தேன். படியிலேயே உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டேன். உள்ளே அந்த ரெண்டு பேரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.